தகரக் கொட்டகையும் எஃகுக் கொட்டகையும்

எங்கள் ஊர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸுக்கு உரிமம் கொடுக்கும்போதே காலக்கெடு போட்டுத்தான் கொடுப்பார்கள். கெடு முடிந்தால் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும். பிரிப்பார்கள். கொஞ்ச நாள் பொட்டல் வெறிச்சென்று கிடக்கும், ஆடு மேயும். அப்புறம் அதே இடத்தில், அதே கீற்றையும் அதே மூங்கிலையும் வைத்து மறுபடி ஒரு ‘தாற்காலிக’க் கொட்டகை எழும்பும். நான் படம் பார்த்து வளர்ந்தது அந்த மாதிரி ஒரு தாற்காலிகத்தில்தான்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்தது. 1999-ல், வளாகத்தின் தெற்கு ஓரம், பேங்க்ராஃப்ட் சாலையை ஒட்டி, தகர ஷீட் போர்த்திய ஒரு கட்டடத்தைத் தாற்காலிகமாக எழுப்பி, தன்னுடைய பசிபிக் ஃபிலிம் ஆர்க்கைவின் திரையரங்கை அங்கே குடிவைத்தது. நான் 2004-ல் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தபோது அது தாற்காலிகமாகவே இருந்தது. 2015-ல் மூடும்வரை அப்படியேதான் இருந்தது. மழைக்காலத்தில் நான் அங்கே பார்த்த படங்களில் பாதிக்குப் பின்னணி இசை மழை அமைத்தது என்பது என் நினைவு. நினைவு கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அது வேறு.

2016 ஜனவரி 31 அன்று புதிய திரையரங்கு திறந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று பல பேரிடம் சத்தமாகச் சொல்லியும் விட்டேன். இப்போது அந்தத் தீர்ப்பில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீதிப் பாதியை எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் கதை. பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம் 1970-ல் மாரியோ சியாம்பி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஒரு கான்கிரீட் மாளிகையில் திறந்தது. விசிறி விரித்தாற்போல் மாடம் மாடமாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடம். அதனுள்ளே திரைப்படத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஷெல்டன் ரெனன் என்பவர் மல்லுக்கட்டி இந்த ஆர்க்கைவை உருவாக்கினார். பாரீஸில் ஆன்றி லாங்லுவா நடத்திய சினிமாதெக்தான் முன்மாதிரி. படத்தைச் சேர்த்துவை, சேர்த்ததைத் திரையில் காட்டு, அவ்வளவுதான் கொள்கை. ஆனால் பெர்க்லி வளாகத்துக்கு அடியில் ஹேவர்ட் பிளவு என்று ஒரு நிலநடுக்கக் கோடு ஓடுகிறது. 1997-ல் சோதித்துப் பார்த்தபோது அந்தக் கான்கிரீட் மாளிகை பெரிய நடுக்கத்தைத் தாங்காது என்று தெரிந்தது. அதனால்தான் சினிமா தகரக் கொட்டகைக்கு வந்தது. புதிய கட்டடத்துக்கு ஜப்பானின் டோயோ இட்டோ ஒரு வடிவம் போட்டுக்கொடுத்தார். செலவு கட்டுப்படியாகாமல் 2009-ல் அதைக் கைவிட்டார்கள். கடைசியில் நகரத்தின் மையத்தில், வளாகத்தின் மேற்கு வாசலுக்கு எதிரே, பல்கலைக்கழகத்தின் பழைய அச்சகம் கண்ணில் பட்டது. 1939-ல் கட்டியது. 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உலக நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. சாசனத்தின் பிரதிகள் அந்த அச்சகத்தில்தான் அச்சாயின. அச்சகத்தை இடிக்காமல் வைத்துக்கொண்டு, அதன் தோளில் சாய்ந்தாற்போல் எஃகுத் தகடு போர்த்திய ஒரு புது உருவத்தை நியூயார்க்கின் டில்லர் ஸ்கோஃபிடியோ + ரென்ஃப்ரோ நிறுவனம் கட்டிக்கொடுத்தது. மொத்தச் செலவு 11.2 கோடி டாலர். அந்த எஃகு உருவத்தின் வயிற்றுக்குள்ளே இருப்பதுதான் 232 இருக்கைகள் கொண்ட பார்ப்ரோ ஓஷர் திரையரங்கு. சின்னதாக 33 பேர் உட்காருகிற இன்னொரு அறையும் உண்டு.

தகரத்திலிருந்து எஃகுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் மலைப்பாம்பு எதையோ விழுங்கிவிட்டுப் படுத்திருப்பது போல இருக்கும். முன்பக்கத்தில் சென்டர் தெருவுக்கு மேல் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே படிக்கட்டு ஒரே சிவப்பு. முதல் தடவை போனபோது ஏதோ கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தின்பண்டம் உள்ளே கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட. படத்துக்கு முன்னால் ஒருவர் மேடையேறிப் பேசுவார். பேச்சு சில நாள் அருமையாக இருக்கும், சில நாள் படத்தை நமக்குப் பதிலாக அவரே பார்த்து முடித்துவிடுவார். வந்திருப்பவர்களில் நரைத்த தலைகளே அதிகம். முப்பதாயிரத்துக்கும் மேல் இளநிலை மாணவர்கள் படிக்கிற வளாகத்தின் வாசலில், நாற்பது வயதில் நான்தான் இளைஞன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். ஆனால் அதில் ஒரு தயக்கம் இருக்கும், இந்த இடத்தில் சிரிக்கலாமா என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

இந்தச் சங்கடத்தை எனக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார், அதுவும் இதே ஊரிலிருந்து போனவர். பாலீன் கேல். பெர்க்லியில் தத்துவம் படித்து, பட்டம் வாங்காமல் வெளியேறியவர். ஐம்பதுகளின் பிற்பகுதியில், வளாகத்திலிருந்து நடக்கிற தூரத்தில், டெலிகிராஃப் அவென்யூவில் பெர்க்லி சினிமா கில்ட் என்ற சின்னத் திரையரங்கை நடத்தினார். படம் தேர்ந்தெடுப்பது அவர், துண்டறிக்கையில் படத்தைப் பற்றி நறுக்கென்று எழுதுவது அவர், கேபிஎஃப்ஏ வானொலியில் விமர்சனம் பேசுவதும் அவர். அமெரிக்காவின் மிகச் செல்வாக்கான திரை விமர்சகராக அவர் ஆனது பிற்பாடுதான். எழுத்து பழகியது அந்தத் துண்டறிக்கைகளில். 1969-ல் அவர் எழுதிய ‘குப்பை, கலை, திரைப்படம்’ என்ற நீண்ட கட்டுரையின் சாரம் ஏறத்தாழ இதுதான்: பள்ளிக்கூடம் நம் தலையில் கட்டிய கலாசாரக் கடமைகளிலிருந்து தப்பி ஓடித்தான் நாம் சினிமாவுக்குள் நுழைந்தோம். அந்தப் பள்ளிக்கூடமே பின்னால் துரத்திக்கொண்டு வந்து, இதுவும் கலைதான், நோட்டு எடுத்துக்கொள் என்று சொன்னால், தப்பித்த சந்தோஷம் போச்சு. மதிப்பெண்ணுக்காகக் கம்பராமாயணம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கேல் கட்சி. அதாவது, கட்சியில் இருந்தேன். என் மாமா வரும்வரை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மன்னார்குடிப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டராகத் தொடங்கி, பிறகு டவுனில் ஒரு நிரந்தரத் தியேட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் படம் ஓட்டியவர். டூரிங் டாக்கீஸில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் முறுக்குக்காரருக்கு ஒரே படத்தில் மூன்று நான்கு இடைவேளை கிடைத்தது. டவுன் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர். ஒன்று ஓடி முடிகிற நொடியில் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அது மோட்டாரைப் போடச் சொல்லி. ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. மாமாவுக்கு வாழ்நாள் முழுக்க அந்தப் புள்ளி மட்டும்தான் தெரிந்தது. எம்.ஜி.ஆரை முழுசாகப் பார்த்ததில்லை என்பார், வலது மூலையைத்தான் பார்த்திருக்கிறேன் என்பார். தியேட்டருக்கு டிஜிட்டல் வந்த வருடம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். புரொஜெக்டரை இரும்பு விலைக்குப் போட்டார்களாம்.

2016 கோடையில் மகள் வீட்டுக்கு ஃப்ரீமாண்ட் வந்திருந்தார். ஜூலை மாதம் ‘கபாலி’ வந்தது. மாப்பிள்ளை முதல் நாளே டிக்கெட் எடுத்துவிட்டார், நானும் ஒட்டிக்கொண்டேன். விசில், கத்தல், கிழித்த காகிதம், எல்லாம் உண்டு. பெர்க்லியின் பவ்யமான சிரிப்பைக் கேட்டு நொந்திருந்த எனக்கு அன்று காது குளிர்ந்தது. இதுதானய்யா சினிமா என்று மாமாவைத் திரும்பிப் பார்த்தால், அவர் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்துப் பின்னால், மேலே, ஒளி வருகிற துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல யாருமே இல்லடா.”

“டிஜிட்டல் மாமா. கம்ப்யூட்டர்ல டைம் வெச்சிடுவாங்க, அதுவா ஓடும்.”

“அது தெரியும். இருந்தாலும் ஒரு ஆள் நிக்க வேண்டாமா? இத்தன பேர் உக்காந்திருக்கோம்.”

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரை பெர்க்லிக்கு அழைத்துப் போனேன். ஃப்ரீமாண்டில் பார்ட் ரயில் ஏறினால் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கலாம், அங்கிருந்து ஒரு தெரு நடை. ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 35 எம்எம் பிரதி. பிள்ளைகள் வீட்டுக்கு வரும் வயதான பெற்றோரின் கதை என்பதால் திட்டம் போட்டுத்தான் கூட்டிப் போனேன் என்று பிறகு அத்தை மகள் கோபித்துக்கொண்டாள். சத்தியமாக இல்லை. அன்றைக்கு அதுதான் போட்டிருந்தார்கள். எனக்கு அவருக்கு ஃபிலிம் ஓடுகிற இடம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. “ஆள் இருக்கு” என்றார். அதற்கப்புறம் மேடையில் ஒரு பேராசிரியர் வந்து பேசிய பதினைந்து நிமிடமும், புரியாத ஆங்கிலத்தை, ஏதோ சொந்த வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்திருப்பவர் போல நிறைந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் ஜப்பானிய மொழி, அடியில் ஆங்கிலம். மாமாவுக்கு இரண்டும் கிடையாது. இடையிடையே காதில் சொல்லலாம் என்று பார்த்தேன், கையால் அடக்கிவிட்டார். ஒவ்வொரு ரீலின் முடிவிலும் அவர் வலதுகை விரல்கள் முட்டியின் மேல் லேசாக எழும், புள்ளி வரும், விரல் இறங்கும். படம் 136 நிமிடம். முடிந்து விளக்கு வந்ததும் முதல் விமர்சனம் இதுதான்: “ஏழு ரீல், ஆறு மாத்து. ஒண்ணுகூடக் குதிக்கல.”

இரண்டாவது விமர்சனத்தை ரயிலில் வரும்போது சொன்னார். “கேமராவப் பாய்ல உக்காத்தி எடுத்திருக்கான். தரை டிக்கெட்காரன் பாக்குற உசரம்.”

ஓசுவின் தாழ்ந்த கேமரா பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஜப்பானிய வீட்டுப் பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் என்பது வழக்கமான விளக்கம். அந்தப் பேராசிரியரும் அதைத்தான் சொன்னார். ஆனால் மணலைக் குவித்து உட்கார்ந்து, தலையை அண்ணாந்து படம் பார்க்கிற தரை டிக்கெட்காரரின் கண்மட்டமும் அதுதான் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. ஓசு படத்தில் அந்தக் கிழவரும் கிழவியும் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு எதனால் இவ்வளவு மரியாதை தோன்றுகிறது என்பதற்கு அன்றிலிருந்து எனக்கு மாமாவின் விளக்கம்தான். நாம் அவர்களைவிடக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கிறோம்.

கதையைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம். “அந்தப் பெரியவர் ஊருக்குப் போயிடணும்னு வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு, வாயத் தொறந்து சொல்லல, அவ்ளோதான்.” மாமாவின் திரும்பும் டிக்கெட்டுக்கு அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். படம் முடிந்ததும் அவருக்கு ஆபரேட்டர் அறையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வாசலில் நின்ற பையனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உள்ளே போய்ச் சொன்னான் போலிருக்கிறது, சற்று நேரத்தில் புரொஜெக்டர் ஓட்டிய பெண்ணே வெளியே வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மாமா ஆபரேட்டர் என்று சொன்னதும் கதவை முழுசாகத் திறந்து காட்டினாள். இரண்டு புரொஜெக்டர்கள், பக்கத்தில் டிஜிட்டல் பெட்டி ஒன்று. மாமா டிஜிட்டலைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் நுனிக்கு நுனி கொண்டுவந்து, நடுவில் இம்மியளவு இடைவெளி விட்டுக் காட்டினார். கார்பன் குச்சி. அந்தப் பெண் தலையை ஆட்டி, ‘செனான்’ என்றாள். மாமாவுக்கு அந்த வார்த்தை தெரியும். “செனான் வந்தப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்துது” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, முழங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார். அவள் தன் விரலில் ஃபிலிம் ஓரம் கிழித்த கீறலைக் காட்டினாள். எனக்கு மொழிபெயர்க்க வேலையே இருக்கவில்லை.

கேல் கட்சியிலிருந்து நான் பாதி விலகியது அங்கேதான். பள்ளிக்கூடம் சினிமாவைக் கடமையாக்கிவிடும் என்று அவர் பயந்தது நியாயமான பயம். ஆனால் 1969-ல் அவர் அதை எழுதும்போது, பள்ளிக்கூடம் கைவைக்காத சினிமா தெருவெல்லாம் கிடந்தது. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஆள் நின்றார். சந்தையே சினிமாவைக் கைகழுவும், ஃபிலிமையும் ஃபிலிம் ஓட்டும் கையையும் ஒருசேரக் கழித்துக் கட்டும், கடைசியில் அந்தக் கைவேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்வது ஒரு பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். கபாலிக்கு நாங்கள் போட்ட விசிலைக் கேட்க மேலே யாரும் இல்லை. இங்கே யாரும் விசிலடிக்கவில்லை, ஆனால் அடித்திருந்தால் கேட்க ஒருத்தி இருந்தாள்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், திறப்பு நாளில் நான் கவனிக்கத் தவறியது அது. பெர்க்லியிலேயே இருக்கும் மேயர் சவுண்டு நிறுவனம்தான் ஒலிபெருக்கிகளை அமைத்தது. பெரிய ஒலியமைப்பு என்றால் இருக்கை அதிரும் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அதன் அருமை சின்னச் சத்தங்களில் தெரிகிறது. 1953-ம் ஆண்டுப் படத்தின் ஒற்றைத் தடத்து ஒலியில், வசனம் ஓய்ந்த பிறகு படகு மோட்டார் எங்கோ டுப்டுப்பென்று போகிறதே, அது அத்தனை தூரத்தில், அத்தனை துல்லியமாகக் கேட்டது. தகரக் கொட்டகையில் மழை அதைத் தின்றிருக்கும். இதைத் தகரக் கொட்டகையின் ரசிகனாகவே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, மீதிப் பாதி. புதிய திரையரங்கை வளாகத்தின் தெற்கு ஓரத்திலிருந்து நகர மையத்துக்கு இறக்கியதே, பேருந்திலும் ரயிலிலும் வந்து இறங்குகிற சாதாரண ஆளையும் உள்ளே இழுக்கத்தான். வெளிச்சுவரில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய எல்.இ.டி. திரைகூட வைத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் தெருவில் போகிறவன் சினிமாவுக்குள் நுழைவது திட்டம் போட்டு அல்ல. மழைக்கு ஒதுங்கி, ரயிலைத் தவறவிட்டு, காதலியோடு இருக்க இருட்டு தேடி நுழைகிறான். அதற்குத் தெருவில் நாலைந்து தியேட்டர்கள் இருக்க வேண்டும், ஒரே படம் நாளைக்கு நாலு காட்சி ஓட வேண்டும். இங்கே ஒரு படத்துக்குப் பெரும்பாலும் ஒரே காட்சி. நாட்காட்டியில் வட்டம் போட்டுவைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கான இடம் இது.

திறப்பு விழா நடந்த காலத்தில் பெர்க்லி மையத்தில் அந்த மற்றத் தியேட்டர்களும் இருந்தன, அதனால் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அதற்கு முன்பே ஒரு பெரிய சாவு நடந்துவிட்டிருந்தது. யூனிவர்சிட்டி அவென்யூவில் யூ.சி. தியேட்டர் என்று ஒன்று, 1917-ல் கட்டியது. பெயரில்தான் பல்கலைக்கழகம், மற்றபடி தனியார் அரங்கு. எழுபதுகளின் நடுவிலிருந்து தினம் ஒரு பழைய படம் என்று ஓட்டினார்கள். இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் ஒரு பந்தயத்தில் தோற்று, வேகவைத்த தன் பூட்ஸை 1979-ல் ரசிகர்கள் முன்னால் தின்றது அந்த மேடையில்தான். ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ வாரா வாரம் நள்ளிரவுக் காட்சியாக இருபத்திரண்டு வருடம் ஓடியதும் அங்கேதான். நிலநடுக்கத்துக்கு எதிராகக் கட்டடத்தை வலுப்படுத்தும் செலவைத் தாங்க முடியாமல் 2001-ல் மூடினார்கள். அதே நிலநடுக்கப் பயம்தான் பல்கலைக்கழகத்துத் திரையரங்கையும் விரட்டியது. ஒன்றுக்கு 11.2 கோடி டாலர் கட்டடம் கிடைத்தது, இன்னொன்றுக்குப் பூட்டு. பூட்டைத் திறந்தது 2016 வசந்தத்தில், புதிய திரையரங்கு வந்து சில வாரங்களிலேயே, ஆனால் இசை நிகழ்ச்சி அரங்காக.

அதற்கப்புறம் பெருந்தொற்று. 2021-ல் கலிஃபோர்னியா தியேட்டர் மூடியது. 2022-ல் ஷாட்டக் சினிமாஸ். 2023 பிப்ரவரியில், 1932 முதல் இருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். எல்ம்வுட் பக்கம் ஒரு சின்னத் தியேட்டர் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் அது நகர மையத்தில் இல்லை. மையத்தில் பாக்கி நிற்பது பல்கலைக்கழகத்தின் எஃகுக் கொட்டகை மட்டும். வெள்ளிக்கிழமை புதுப்படம், பரீட்சை முடிந்த மாணவக் கூட்டம், சும்மா நுழைகிறவர்கள், எல்லோரையும் தாங்குகிற வேலைக்காகக் கட்டாத ஓர் இடம் இன்று அந்தத் தெருவின் ஒரே தியேட்டர். இதற்கு அந்தத் திரையரங்கைக் குறை சொல்வது தப்பு. ஆனால் கடைத்தெருவில் எல்லாக் கடையும் மூடிய பிறகு நூலகம் திறந்திருக்கிறதே என்று என்னால் திருப்திப்பட முடியவில்லை. கேல் நடத்தியது கடை. துண்டறிக்கையில் எழுதியது டிக்கெட் விற்க. விற்றாக வேண்டிய அவசரம் அவர் எழுத்தில் இருந்தது. இன்று ஆர்க்கைவில் கையில் கொடுக்கிற குறிப்புகள் தகவலில் சுத்தம், மொழியில் சுத்தம், ஆனால் அவற்றில் வியாபாரியின் பதற்றம் கிடையாது. அந்தப் பதற்றம் விமர்சனத்துக்கு நல்லது என்பது என் கட்சி. அதிலிருந்து நான் இன்னும் விலகவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது, நம் பக்கத்துக் கணக்கும் கூடவே வந்து நிற்கிறது. தமிழ் சினிமாவுக்கும் கலிஃபோர்னியா வளாகங்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன், கூடப் படித்த இந்திய நண்பர் டாண்டனின் அழைப்பில் 1935-ல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலே ‘சதி லீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’ எல்லாம் எடுத்தார். எம்.ஜி.ஆர். முதலில் திரையில் தோன்றியது அந்த ‘சதி லீலாவதி’யில்தான். ஒரு வளாகத்திலிருந்து நமக்குப் படம் எடுக்க ஆள் வந்தது. எடுத்த படத்தை வைத்துக்கொள்ள மட்டும் நம்மிடம் இடம் இருக்கவில்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னாட்டின் முதல் மௌனப் படம் ‘கீசக வதம்’ இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இல்லை. ஜப்பானுக்கு வெளியே ஜப்பானியப் படங்களின் மிகப் பெரிய தொகுப்பு பெர்க்லியில் இருக்கிறது என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும்போது, தமிழ்நாட்டுக்குள்ளே தமிழ்ப் படங்களின் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். நல்லவேளை, யாரும் கேட்டதில்லை.

மாமாவிடம் ஒருமுறை கேட்டேன், ஓடி முடிந்த பிரதிகள் கடைசியில் எங்கே போகும் என்று. “பெரிய டவுன், சின்ன டவுன், அப்புறம் டூரிங். டூரிங்குக்கு வரும்போதே கோடு கோடா மழை பெய்யும். அதுக்கப்புறம் வளையல் பண்றவன் எடைக்கு வாங்கிட்டுப் போவான்.” அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது விழுகிற துண்டுகளைச் சின்னப் பையன்களான எங்களுக்குக் கொடுப்பார். ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, தாத்தா வேட்டியில் படம் காட்டுவோம். எல்லா ஊரிலும் நடந்த கதைதான்.

போன வருடம் ஊரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் கையில் மாமா ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே நியூஸ் பேப்பரில் சுற்றிய ஃபிலிம் துண்டுகள், நாலு கட்டம், அஞ்சு கட்டம் என்று. ஃபோன் பண்ணினேன்.

“அந்தப் பொண்ணுகிட்டக் குடு. அவ வெச்சிருப்பா.”

அந்தப் பெண் இன்னும் அங்கே வேலை பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. எந்தப் படத்தின் துண்டுகள் என்று மாமாவுக்கே நினைவில்லை. சிலவற்றில் புளிப்பு வாடை வர ஆரம்பித்துவிட்டது. ஒன்றை மட்டும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. ஒரு பெண் எதையோ கேட்டுத் திரும்புகிறாள், யாரென்று தெரியவில்லை. வலது மேல் மூலையில் புள்ளி இருக்கிறது.

டப்பா என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஆர்க்கைவுக்கு எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். ஐந்து மாதமாக.